டாக்டரின் அக்கா

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே என் மூச்சைத் தவிர மற்றதெல்லாம் நலம். அந்தக் குளிர் தேசத்தில் உன் வீட்டில் எல்லாரும் எப்படி, உன் முதுகுவலி எப்படி என்று எழுது.

இனிமேல் போன் வேண்டாம். போனில் நாலு வார்த்தை பேசினால் எனக்கு இரைக்கிறது. நீ உடனே "சரி சரி, பேசாத, ரெஸ்ட் எடு" என்று வைத்துவிடுகிறாய். வாயை மூடச் சொல்வதற்காகவா ஒருத்தருக்குப் போன் போடுவார்கள்? கைக்கு இரைப்பதில்லை. அதனால் கடிதம்.

நேற்று நுரையீரல் டாக்டரிடம் போனோம். அவருக்கு நான் கதவு டாக்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன். எப்போது பார்த்தாலும் ஒரு கை கதவுப் பிடியில்தான் இருக்கும். ஸ்கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நல்லா சாப்பிடுறீங்களாம்மா?" என்றார். பிறகு என் மகனுக்குக் கண்ணைக் காட்டி வெளியே கூட்டிக்கொண்டு போனார். கதவில் கண்ணாடி பதித்திருப்பது அந்த மனுஷனுக்கு மறந்துவிட்டது போல. அவர் பேசப் பேச அவன் முகம் வெளுப்பதை நான் உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் நுரையீரலைப் பற்றிய பேச்சு, எனக்கு மட்டும் ஊமைப்படம்.

அவனைச் சின்ன வயதிலிருந்து பூனை என்று கூப்பிடுகிறோமே, அது சும்மா இல்லை. சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் நின்று, "ஒண்ணுமில்லம்மா, மாத்திரையை மாத்தியிருக்காங்க" என்றான். மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்க்கிற பிள்ளை, என் கண்ணைப் பார்க்கவில்லை.

நீ டாக்டர். கூடப் பிறந்தவன். சுற்றி வளைக்காமல் சொல். நுரையீரல் இறுகிக்கொண்டே போகிறது என்று ஒரு நர்ஸ் வாய்தவறிச் சொன்னாள். அது நிற்குமா, நிற்காதா? நான் இன்னும் எவ்வளவு காலம் இருப்பேன்? கடைசியில் தொண்டையில் குழாயைச் சொருகி மெஷினில் போடுவார்களா? போட்டால் திரும்ப எடுப்பார்களா?

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
உன் அக்கா

*

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து அப்படியே இருக்கிறது, அதைப் பார்த்ததில் சந்தோஷம். இங்கே எல்லாரும் சௌக்கியம். குளிர்தான் அதிகம். முதுகுவலி பரவாயில்லை.

மாத்திரைகளை நேரத்துக்குப் போடு. மூச்சுப் பயிற்சியை விடாதே. ஆக்ஸிஜன் மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு மாடிக்குத் துணி காயப் போடப் போனாயாமே, பூனை சொன்னான். அதெல்லாம் வேண்டாம். கண்டதையும் யோசித்து மனதைக் குழப்பிக்கொள்ளாதே. தைரியம்தான் பாதி மருந்து.

ஆஸ்பத்திரியில் நானே பேசிவிட்டேன். உன் டாக்டர் எனக்கு ஜூனியராகப் படித்தவர். என் அக்கா என்று அழுத்திச் சொல்லியிருக்கிறேன், தனியாகக் கவனித்துக்கொள்வார்கள். இனி எல்லாம் என் பொறுப்பு.

எங்கள் இதய வார்டில் ஆள் பற்றாக்குறை. மூச்சு விட நேரமில்லை. அதனால்தான் கடிதம் சுருக்கம்.

அன்புடன்,
தம்பி

*

பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நான் இருக்கிறேன். நீயும் இருக்கிறாய் என்று உன் கடிதத்தில் தெரிந்துகொண்டேன்.

மூச்சு விட நேரமில்லை என்று யாருக்கு எழுதுகிறோம் என்று பார்த்து எழுத மாட்டாயா? படித்துவிட்டுச் சிரித்துச் சிரித்து, பூனை ஓடிவந்து மெஷினைக் கூட்டி வைக்கும்படி ஆகிவிட்டது.

சிரிப்பு அவ்வளவுதான். மற்றபடி எனக்குக் கோபம். நான் கேட்டவற்றில் ஒன்றுக்காவது பதில் எழுதினாயா? கேட்காத மாத்திரை, கேட்காத பயிற்சி, கேட்காத தைரியம்.

நான் எங்கே வேலை பார்த்தேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ரயில் நிலையத்து விசாரணைக் கவுண்டர். அந்தச் சம்பளத்தில்தான் நீ படித்தாய் என்று சொல்லிக்காட்ட இதை எழுதவில்லை. வண்டி ரத்தாகிவிட்டால்கூட முதலில் "சற்றுத் தாமதம்" என்று சொல்லும்படிதான் எங்களுக்கு மேலிடத்து உத்தரவு. ஜனங்கள் கொந்தளிக்கக் கூடாதாம். நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. "இன்னைக்கு அந்த வண்டி வராது" என்பேன். அந்தச் சின்ன ஜன்னல் வழியாக என்னை எத்தனை பேர் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பார்கள். திட்டிவிட்டு ஒருத்தர் பஸ் பிடிக்கப் போவார், ஒருத்தர் ஊருக்குப் போன் போடுவார், ஒருத்தர் வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் படுத்துவிடுவார். பக்கத்துக் கவுண்டரில் தாமதம் என்று கேட்டுக்கொண்டு போனவர்கள்தான் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடியக் காத்திருந்தார்கள்.

இப்போது என்னை நீ அந்தப் பிளாட்பாரத்தில் உட்கார வைக்கிறாய். யாருக்கு நல்லது என்று? எனக்கா, உனக்கா?

இன்னொன்றும் கேட்கிறேன். உன் வார்டில் இருப்பவர்களிடமாவது நீ இதையெல்லாம் பேசுகிறாயா? உனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று ஒருத்தரையாவது கேட்டிருக்கிறாயா?

வீட்டில் எல்லாருக்கும் என் அன்பைச் சொல்.

கோபத்துடன்,
அக்கா

*

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது, வேலை அப்படி.

உன் கவலை புரிகிறது. ஆனால் இதையெல்லாம் இப்போதே பேசி என்ன ஆகப்போகிறது? நேரம் வரும்போது பேசிக்கொள்ளலாம். எல்லா டாக்டர்களும் அப்படித்தான். நோயாளியின் நம்பிக்கையைக் குலைக்கக் கூடாது.

இங்கே பனி உருக ஆரம்பித்துவிட்டது. உனக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 24

தம்பிக்கு,

சட்டை வந்தது. நான் வீட்டில் இல்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எழுதுகிறேன். உன் நலத்தைக் கேட்கிற மனநிலையில் இல்லை, நீ நலமாகத்தான் இருப்பாய்.

சளியும் காய்ச்சலும் சேர்ந்துகொண்டன. நாலாவது வார்டில் ஜன்னலோரப் படுக்கை. கீழே பஸ் ஸ்டாண்டு. அது ஒன்றுதான் இங்கே நல்ல விஷயம்.

காலையில் டாக்டர்கள் கூட்டமாக வருகிறார்கள். பக்கத்துப் படுக்கையில் ஒரு பூக்கடைக்காரி. அவளிடம் நின்று இருமச் சொல்கிறார்கள், வலி எங்கே என்று கேட்கிறார்கள், "இந்த மருந்து கேக்கலைன்னா அடுத்தது ஆபரேஷன்தான்மா, யோசிச்சு வைங்க" என்கிறார்கள். அவள் அழுகிறாள், ஆனால் யோசிக்கிறாள். பிறகு என் படுக்கைக்கு வருகிறார்கள். ஃபைலின் அட்டையைப் பார்த்ததும் எல்லார் முகத்திலும் ஒரே மாதிரி சிரிப்பு. "டாக்டரோட அக்காவா? எல்லாம் நல்லா இருக்கும்மா." நகர்ந்துவிடுகிறார்கள். எனக்குப் பெயர்கூடக் கிடையாது.

அட்டையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நர்ஸிடம் கேட்டேன். எடுத்துக் காட்டினாள். மஞ்சள் காகிதம், சிவப்பு மையில்: "டாக்டரின் அக்கா. எதுவானாலும் அவரிடம் பேசவும்." கீழே உன் போன் நம்பர்.

"உங்களுக்கென்னம்மா, தம்பியே டாக்டர்" என்றாள் அந்தப் பெண். "எல்லாத்தையும் அவர்கிட்ட பேசிட்டாங்க. மூச்சு முட்டினா எல்லாம் செய்யச் சொல்லிட்டாராம்."

"எல்லாம்னா?"

"எல்லாம்தான்மா. ட்யூப், மெஷின், எல்லாம்."

அவள் நல்லது சொல்வதாக நினைத்துச் சொன்னாள். உடனே அவளிடமே காகிதமும் பேனாவும் கேட்டு வாங்கினேன்.

என் தொண்டைக்குள் எது போகலாம் என்று நீ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு முடிவு செய்தாயா? யாரைக் கேட்டுச் செய்தாய்? சின்னப் பையனாக இருந்தபோது உனக்குச் சட்டை எடுக்கப் போனால்கூட, எந்தக் கலர் வேண்டும் என்று கேட்டுத்தானே எடுத்தேன்? நீ எனக்குச் செய்த சலுகையால் என்ன ஆயிற்று தெரியுமா? இந்த வார்டில் யாரிடமும் எதையும் கேட்க முடியாத ஒரே நோயாளி நான்தான். தம்பி டாக்டராக இல்லாமல் டீக்கடை வைத்திருந்தால், என்னிடமே பேசியிருப்பார்கள்.

குழாயைப் போட்டால் பேச முடியாதாமே. பூக்கடைக்காரி சொன்னாள், அவள் மாமியாருக்குப் போட்டார்களாம். ஒரு வார்த்தை பேசாமல் போய்ச் சேர்ந்தாளாம். நான் வாயைத் திறந்தே பிழைத்தவள். என் வாயை அடைத்து என்னைக் காப்பாற்ற உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

பதில் வேண்டாம். உன்னிடம் பதில் இல்லை.

அக்கா

*

ஏப்ரல் 3

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் மாமியும் நலமா? நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். காய்ச்சல் போய்விட்டது, கோபம் போகவில்லை. என்னோடும் சரியாகப் பேசுவதில்லை.

ஜனவரியில் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னதை உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். இந்த வருஷத்தைத் தாண்டுவது கஷ்டம் என்றார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்கள், தலையாட்டினேன். "எல்லாம் செய்யச் சொல்லு" என்றீர்கள், அதற்கும் தலையாட்டினேன். எல்லாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது மாமா. கேட்கப் பயமாக இருந்தது.

அம்மா சாப்பிடும்போது என்னையே பார்க்கிறாள். அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிகிறது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் நடித்துக்கொண்டு எப்படி இருப்பது? நீங்களே அவளுக்கு எழுதுங்கள்.

உங்கள் மருமகன்

*

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் வேண்டாம் என்றாய். ஆனாலும் எழுதுகிறேன். பலமுறை எழுதிக் கிழித்தேன்.

நுரையீரல் இறுகுவது நிற்காது. மருந்து அதைக் கொஞ்சம் மெதுவாக்கும், அவ்வளவுதான். காலம் எவ்வளவு என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த ஜனவரியை நீ பார்ப்பாய் என்று நான் நினைக்கவில்லை. மூச்சு மிகவும் மோசமானால் குழாயைப் போட்டு வென்டிலேட்டரில் வைப்பார்கள். உன் நுரையீரல் இருக்கும் நிலையில் அதிலிருந்து திரும்பி வருவது மிக அரிது. குழாய் இருக்கும்வரை பேச முடியாது, பெரும்பாலும் மயக்கத்தில்தான் வைத்திருப்பார்கள். குழாய் வேண்டாம் என்றாலும் உன்னைத் திணற விடமாட்டார்கள். மூச்சுத் திணறலைத் தணிக்க மருந்து இருக்கிறது. கொஞ்சம் தூக்கம் வரும், பயம் குறையும்.

இதை நான் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

குழாய் வேண்டாம் என்பது புரிந்துவிட்டது. உன் டாக்டருக்குச் சொல்கிறேன். கடைசிக் காலத்தில் உன் வீட்டில், உன் அறையில், நிம்மதியாக இருக்க ஏற்பாடு செய்கிறேன். வீட்டுக்கே நர்ஸ் வருவாள். இனி ஆஸ்பத்திரிக்கே போக வேண்டியிருக்காது.

அன்புடன்,
தம்பி

*

ஏப்ரல் 26

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அழுதேன். பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்குப் பல மாதம் கழித்து நன்றாகத் தூங்கினேன். காலையில் பூனையைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, இத்தனை வயதில், ஓவென்று அழுதான். பிறகு இரண்டு பேரும் காபி குடித்தோம். வீடு மறுபடி வீடாகிவிட்டது. இதற்காக உனக்கு நன்றி.

நன்றி முடிந்தது. இப்போது கேள்.

வீட்டில் சாக வேண்டும் என்று உன்னிடம் யாரடா சொன்னது? நான் சொன்னேனா? மறுபடியும் கேட்காமலே பதில் எழுதுகிறாய். உனக்கு அது வியாதி.

நம் தெரு உனக்குத் தெரியும். மத்தியானத்துக்குமேல் காக்கா கத்தினால்தான் உண்டு. என் அறை பின்பக்கம், எதிரே சுவர். நான் ஆயுசு முழுக்க ஒலிபெருக்கிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவள். அமைதியில் எனக்கு இன்னும் அதிகமாக இரைக்கிறது. பூனையைப் பற்றி யோசித்தாயா? நர்ஸ் போன பிறகு அவனும் நானும் மெஷினும்தான். எனக்கு மூச்சு முட்டினால் அவனுக்கும் முட்டும். பிறகு அவன் அந்த வீட்டில்தானே இருக்க வேண்டும்? ஒவ்வொரு நாளும் அந்த அறையைத் தாண்டிப் போக வேண்டுமே.

எனக்கு நாலாவது வார்டு போதும். முடிந்தால் ஜன்னலோரம். கீழே கண்டக்டர்கள் ஊர்ப் பெயரைக் கூவுவது கேட்கும். பக்கத்தில் யாராவது இருப்பார்கள், வாயாடலாம். காய்ச்சல், சளி என்றால் மருந்து கொடுக்கட்டும், ஊசி போடட்டும், அதற்கு நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. குழாய் வேண்டாம். ரொம்ப முட்டினால் நீ எழுதிய அந்த மருந்தைக் கொடுக்கட்டும். எதுவானாலும் முதலில் எனக்குச் சொல்லட்டும், பிறகு பூனைக்கு. அப்புறம் நேரமிருந்தால் உனக்கு.

பிப்ரவரியில் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. உன் வார்டு ஆட்களைப் பற்றிக் கேட்டேனே.

அன்புடனும் பாதிக் கோபத்துடனும்,
அக்கா

*

மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

இரைப்பு எப்படி இருக்கிறது? ராத்திரி படுக்க முடிகிறதா? வேறு ஏதாவது பயம் இருக்கிறதா? நான் வர வேண்டுமா? இந்தத் தடவை கேள்வி மட்டும்தான் எழுதுகிறேன், பதிலை நீ எழுது.

உன் டாக்டருக்கு எழுதிவிட்டேன். என்னிடம் பேச வேண்டாம், நோயாளியிடம் உட்கார்ந்து பேசுங்கள் என்று.

பிப்ரவரிக் கேள்விக்குப் பதில்: இல்லை, கேட்டதில்லை. போன வாரம்தான் முதல் தடவை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த ஒரு பெரியவர், இதயம் தளர்ந்துவிட்டது. உன்னைப் போலத்தான் குழாய் வேண்டாம் என்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவரோ மெஷின் உட்பட எல்லாவற்றையும் செய்யச் சொன்னார். மகள் கப்பலில் வேலை பார்க்கிறாளாம், அவள் வந்து சேரும்வரை எப்படியாவது இழுத்துப் பிடிக்க வேண்டுமாம். கேட்காமல் இருந்திருந்தால் நான் தப்பாகச் செய்திருப்பேன்.

அன்புடன்,
தம்பி

*

மே 25

அன்புள்ள தம்பிக்கு,

நீ வந்து இருந்துவிட்டுப் போக வேண்டும் என்று ஆசைதான். லீவு கிடைத்தால் ஜூலையில் வா. நான் இருந்தால் சண்டை போடலாம்.

மறுபடி காய்ச்சல், மறுபடி நாலாவது வார்டு. பூக்கடைக்காரியும் மறுபடி வந்து பக்கத்துப் படுக்கையில் இருக்கிறாள். எழுத்து கோணலாக இருந்தால் ஊசி குத்திய கை என்று அர்த்தம்.

கதவு டாக்டர் வந்தார். கதவை விட்டுவிட்டு உள்ளே வந்தார். கைக்கு என்ன வேலை என்று அவருக்கே தெரியவில்லை. உட்கார்ந்து பேசச் சொன்னாயாமே, உட்கார நாற்காலி இல்லை. பூக்கடைக்காரியின் ஆள் ஒருத்தன் தூக்கிக்கொண்டு போயிருந்தான். அங்குமிங்கும் பார்த்துவிட்டு, படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த கழிப்பறை நாற்காலியை மூடிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார். நான் சிரிக்கவில்லை, பாவம். "இதையெல்லாம் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு எங்களுக்குச் சொல்லித் தரலைம்மா" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷம் படிக்க வைத்து இதைச் சொல்லித் தராத படிப்பு என்ன படிப்பு? அவரிடம் அப்படியே சொன்னேன். பிறகு நானே ஆரம்பித்து வைத்தேன். உனக்கு எழுதியதையெல்லாம் சொன்னேன், ஃபைலில் எழுதிக்கொண்டார். மஞ்சள் காகிதத்தைக் கிழிக்கச் சொன்னேன், சரி என்றார். மறந்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு.

அக்கா

*

ஜூன் 16

அன்புள்ள மருமகனுக்கு,

எப்படி இருக்கிறாய், சாப்பிடுகிறாயா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். வேறு ஒன்றுதான் பேனாவில் வருகிறது.

எனக்கு ஏன் யாரும் போன் செய்யவில்லை? நான் டாக்டர். அவளுடைய ஒரே தம்பி. என் நம்பர் ஃபைலின் அட்டையிலேயே இருக்கிறது. அன்று பகல் முழுக்க நான் வார்டில்தான் இருந்தேன், போன் சட்டைப் பையில்தான் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு எனக்குச் செய்தி வருகிறது. உன் அம்மாவுக்கு நான் என்னவெல்லாம் எழுதினேன் என்பது ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

மாமா

*

ஜூன் 29

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சாப்பிடுகிறேன். கடைக்குப் போகிறேன். நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு மத்தியானம் அம்மாவுக்குத் திடீரென்று மூச்சு முட்டியது. கதவு டாக்டர் லீவு. வேறொரு டாக்டர் ஓடிவந்தார், அம்மாவை அதற்குமுன் பார்த்திராதவர். ஃபைலைக் கையில் எடுத்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்த மஞ்சள் காகிதம்தான். "டாக்டர் சாரோட அக்காவா?" என்று நர்ஸிடம் போனை வாங்கி உங்கள் நம்பரைப் போட ஆரம்பித்தார். இன்னொருத்தர் குழாயும் பெட்டியும் கொண்டுவரச் சொன்னார். நான் சுவரோரமாக நின்றேன். வாய் வரவில்லை. நான் எப்போதும் அப்படித்தானே.

அம்மா முகத்திலிருந்து மாஸ்க்கை இழுத்துவிட்டாள். இரைப்புக்கு நடுவில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"போனை வைங்க. மூச்சு முட்டுறது எனக்கு. அவனுக்கில்ல. என்கிட்ட கேளுங்க."

அந்த டாக்டர் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் முதல் தடவையாகச் சத்தமாகப் பேசினேன் மாமா. "என்னைப் பார்க்காதீங்க, அவங்களைக் கேளுங்க" என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் போனை வைத்துவிட்டுக் குனிந்து அம்மாவைக் கேட்டார். அம்மா சொன்னாள். ஃபைலுக்குள்ளும் அதுதான் எழுதியிருந்தது. குழாய்ப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். நீங்கள் கடிதத்தில் எழுதியிருந்த அந்த மருந்தைக் கொடுத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் தணிந்தது. பூக்கடைக்காரியிடம், ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று அவள் புருஷனிடம் விட்டுவிடாதே என்று சொன்னாள். மருந்தைக் கொடுத்த நர்ஸைச் சாப்பிட்டாயா என்று கேட்டாள். ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். கீழே ஒரு கண்டக்டர் ஊர்ப் பெயரை மாற்றிக் கூவிவிட்டான் போல, அவனைத் திட்டினாள். சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். எழுந்திருக்கவில்லை.

சாமான்களை வாங்கப் போனபோது ஃபைல் மேஜைமேல் இருந்தது. மஞ்சள் காகிதத்தை நானே கிழித்துப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை.

உங்களுக்கு ஏன் போன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அம்மாவைக் கேட்டார்கள் மாமா. அதனால்தான் வரவில்லை.

உங்கள் மருமகன்